இன்றைய போணி

கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை. அவர் உள்ளே படுத்திருக்கும்போது எதற்குப் பூட்டு, ஒரு குரல் கொடுத்தால் மாடியில் இருக்கிறவர்களாவது இறங்கி வரட்டும் என்று வெறுமனே சாத்திவிட்டு வருவதுதான் அவருக்கு நெஞ்சு வீங்கிப்போனதிலிருந்து என் வழக்கம். இன்றைக்கும் அவர் உள்ளேதான் படுத்திருக்கிறார். குரல் கொடுக்க மாட்டார், அவ்வளவுதான். ஃபேனை நிறுத்தினேனா. நிறுத்தவில்லை என்று நினைக்கிறேன். ஓடினால் ஓடட்டும், மார்கழியிலும் ஃபேன் கேட்கிற ஆள், ஆனால் இப்போது எதற்கு, காற்று அவர்மேல் அடித்துக்கொண்டே இருக்குமே, வேட்டி நுனி ஆடிக்கொண்டே இருக்குமே, யாராவது எட்டிப் பார்த்தால் அசைகிறார் என்று நினைத்துவிடுவார்களே. திரும்பிப் போய் நிறுத்திவிட்டு வரலாம். போனால் வர மாட்டேன். அது நன்றாகத் தெரிகிறது. போனால் உட்கார்ந்துவிடுவேன், உட்கார்ந்தால் வாயைத் திறப்பேன், திறந்தால் மாடிக்குக் கேட்கும், அப்புறம் தெரு முழுக்க. அதனால் நட. நட பூங்காவனம். விடிகிற நேரத்தில் போர்வையை இழுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன், அவர் மணிக்கட்டில் பட்டது, ராத்திரியெல்லாம் வெளியே கிடந்த சொம்பு மாதிரி சில்லென்று இருந்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். ஃபேன் காற்றுதான் பட்டது. ஏங்க என்றேன். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னேன், எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி. பிறகு என்ன செய்தேன் என்றால், எழுந்து போய் முகம் கழுவினேன், புடவை மாற்றினேன், பொட்டு வைத்தேன், வயர்கூடையை எடுத்தேன். புருஷன் செத்துக் கிடக்கிறவள் செய்கிற வேலையா இது. தலைமாட்டில் ஒரு விளக்கு ஏற்றவில்லை. கை தானாகச் செய்தது. அந்த நேரத்தில் கைக்கு வேறு வேலை தெரியாது. கடைக்காரர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

என்னைப் பூங்காவனம் என்று கூப்பிடுகிறவர்கள் இந்தத் தெருவில் குறைவு. ராசிக்கா. சின்னது பெரிசு எல்லாருக்கும் ராசிக்கா. கடை திறந்ததும் முதலில் விழுகிற காசு எந்தக் கையிலிருந்து விழுகிறதோ அந்தக் கை மாதிரிதான் அன்றைய வியாபாரம் என்பது எங்கேயும் உள்ளதுதான், போணி என்றால் யாருக்குத் தெரியாது. ஆனால் ஒரே ஒருத்தி கைக்காகத் தெருவே காத்துக்கிடப்பது அயனாவரத்தில் இந்த ஏகாம்பரம் தெருவில் மட்டும்தான் இருக்கும். செல்வின் மளிகைக் கடை திறந்த அன்றைக்கு வந்த வினை அது. அன்றைக்கு நல்ல மழை. ஒரு ஈ காக்கை கடைக்கு வரவில்லை. நான் மழைக்கு ஒதுங்கினவள், சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது, கல்லுப்பும் மஞ்சளும் கொடுங்கள் என்றேன். நான் படியிறங்குவதற்குள் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வண்டியோடு வந்து நின்றார்கள், மண்டபத்தில் வைத்திருந்த சாமானெல்லாம் நனைந்துவிட்டதாம், பாதிக் கடையை வாரிக்கொண்டு போனார்கள். மழைக்கு ஒதுங்கினவள் நான், மழையால் வந்தவர்கள் அவர்கள், இதில் என் கை எங்கே வந்தது. செல்வின் விடவில்லை. அவன் தூத்துக்குடிப் பக்கத்து வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன், அவனே மறுநாள் வாசலில் நின்று அக்கா நீங்க வந்து ஒரு உப்பாவது வாங்கிட்டுப் போங்க என்று கெஞ்சினான். அவனைப் பார்த்து காய்கறி விற்கிற அமீனாக்கா, அமீனாக்காவைப் பார்த்து பூக்காரி கன்னியம்மா. தெரு முழுக்க என் கைக்குக் காவல். அவருக்குத்தான் சிரிப்பு தாங்காது. ஊருக்கெல்லாம் ராசி, ஊட்ல ஒரு கேஸ் அடுப்பு ஒழுங்கா பத்த மாட்டேங்குது என்பார். என்பார். என்பார் என்றுதான் வருகிறது, என்றார் என்று வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது. நான் எத்தனையோ காலை இந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் தோன்றாத ஒன்று இன்றைக்குத் தோன்றுகிறது. ராசி இருப்பது கையிலா, கழுத்திலா. கையென்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கைராசி என்றுதானே பேர். கை அப்படியேதான் இருக்கிறது. விரல் எல்லாம் நேற்றுப் போலத்தான் இருக்கிறது. ஆனால் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்தக் கையை ஒருவரும் தொட மாட்டார்கள். ஒரு காலை. இன்னும் ஒரே ஒரு காலை மட்டும் இந்தத் தெருவில் ராசிக்காவாக நடந்துவிட்டுப் போய் உட்கார்ந்து அழுகிறேனே. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நேற்று சாயங்காலம்கூட சொன்னார், மூச்சு வாங்க வாங்க, நாளைக்கு முகூர்த்த நாளாம்டி, சீக்கிரம் போ, உன்ன காணோம்னு செல்வின் நெஞ்சு வெடிச்சிடப் போறான் என்று. யார் நெஞ்சு.

செல்வின் வாசல் தெளித்து, மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வாங்கக்கா, ஒங்களத்தான் பாத்துட்டு நிக்கேன் என்றான். இந்த ஒரு முகத்துக்காகத்தான் வந்தேனோ என்னவோ. காலையில் ஒரு மனிதன் நம்மைப் பார்த்து இப்படி மலர்வது எத்தனை பேருக்குக் கிடைக்கும். அவர் எப்படி இருக்கார் என்று கேட்டுவிடுவானோ என்று கூடைக்குள் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். கேட்கவில்லை, அவனுக்கு அவன் கவலை. தெருவில் அந்தப் புது ஃப்ளாட் வந்த பிறகு வியாபாரம் படுத்துவிட்டது என்று தினமும் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தான். அங்கே அத்தனை வீடு, ஒரு வீட்டிலிருந்தும் ஒருவரும் இறங்கி வருவதில்லை, எல்லாம் போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் பையோடு பைக்கில் வந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பைக் சத்தம் காலையிலிருந்து ராத்திரி வரை இந்தத் தெருவில் ஓய்வதில்லை. போன வாரம் அந்த ஃப்ளாட்டிலிருந்து ஒரு பெண் அதிசயமாக இறங்கி வந்தாளாம், ஆபீசுக்குப் போகிற அவசரம், ஷாம்பு பாக்கெட் கேட்டாளாம், செல்வின், கொஞ்சம் நில்லுங்கம்மா, போணி ஆகல, அக்கா இப்ப வந்துருவாங்க என்றானாம். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனவள்தான். இதை அவன் என்னிடம் பெருமையாகச் சொல்கிறான். உங்க கைக்காக வந்த யாவாரத்தையே நிறுத்திட்டேன்லா என்கிறான். வந்தவளை விட்டுவிட்டு வராதவளுக்காகக் காத்திருக்கிறாயே அய்யா என்று நேற்றாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கணக்கு வேறு. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் வராமல் இருந்த நாளில்தான் கடை அடியோடு படுத்தது என்பான். டாக்டர் அவரை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்ன அன்றைக்கு இந்தத் தெருவில் அவ்வளவு சந்தோஷம், ராசிக்கா வந்தாச்சு என்று. டாக்டர் ஏன் கூட்டிப் போகச் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செல்வின் எப்போதும் போல உப்பும் மஞ்சளும் எடுத்து வைத்திருந்தான். ரூபாயை நீட்டினேன். காலையில் அவரைத் தொட்ட அதே கை. புடவையில் துடைத்துக்கொண்டு வந்தேன், வழியெல்லாம் துடைத்துக்கொண்டே வந்தேன், இருந்தும் அந்தச் சில்லிப்பு உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது. செல்வின் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இந்தக் கண்ணிலும் அந்தக் கண்ணிலும். அதைப் பார்க்க முடியவில்லை. பிடுங்கிவிடலாமா என்று தோன்றியது. பிடுங்கவில்லை, வரேன்பா என்றேன். கூடையில் மஞ்சள் கிடக்கிறது. இனி அதை எங்கே பூசுவது.

கால் வலிக்கிறது. இவ்வளவு நீளமாக இந்தத் தெரு இருந்ததே இல்லை. அவர் ஆட்டோ ஓட்டின காலத்தில் முதல் போணி அவருக்குத்தான். மற்ற கடையெல்லாம் அப்புறம். நான் வாசலில் இறங்கி வருவேன், அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு யாரோ மாதிரி உட்கார்ந்திருப்பார். எங்கம்மா போவணும். தெருமுனைக்கு. அவ்ளோ தூரமா, கட்டாதும்மா, மேல போட்டுக் குடு. அநியாயமா கேக்கறியேப்பா, உன் பேர் என்ன. தயாளன்மா. பேர்ல மட்டும்தான் தயாளமா. இப்படி தினமும். எதிர்வீட்டில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து தெருமுனை வரை போவேன், இறங்கி ஒரு ரூபாயைக் கொடுப்பேன், அவர் அதை வாங்கி ஹேண்டில்பாரில் ஒற்றிவிட்டு, நம்ம ஏரியாவுல இப்படி ஒரு கஞ்சப் பிசினாறி சவாரியப் பாத்ததில்லம்மா என்பார். நான் திரும்பி நடந்து வருவேன், கடை கடையாக. வெயில் முதுகில் படும். அந்த நடையில் என்னைவிடப் பெரிய மனுஷி இந்த மெட்ராஸில் இல்லை என்று இருக்கும். ஆட்டோவை விற்றபோது வாங்கினவன் என்னைக் கூப்பிட்டான், உன் கையால சாவி குடு தாயி என்று. கொடுத்தேன். அவன் நன்றாக ஓட்டுகிறானா என்று தெரியாது. இவர் படுத்துக்கொண்டார். ராசியையும் ஆட்டோவோடு கொடுத்துவிட்டேனோ. சே, என்ன நினைப்பு. மைதிலிக்குச் சொல்ல வேண்டும். ஒரே பெண், ஓசூரில் இருக்கிறாள், கேட்ட நிமிஷம் பஸ் ஏறினாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வந்து சேர்வாள், அதற்காகவாவது நான் இப்போது போன் செய்திருக்க வேண்டும். போன் ரவிக்கைக்குள் பர்ஸில்தான் இருக்கிறது. அம்மா, அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு என்பாள் முதல் வார்த்தை. அதற்கு ஒரு பதில் உண்டு, அதை ஒருதரம் வாயால் சொல்லிவிட்டால் பிறகு எல்லோரிடமும் சொல்லிவிடலாம். அந்த ஒருதரம்தான். அமீனாக்காவைத் தாண்டி, பூக்கடையைத் தாண்டி, திரும்பி வீட்டுக்குள் போய் நின்றுகொண்டு பேசுகிறேன். ஃபேனையும் அப்போது நிறுத்துகிறேன்.

அமீனாக்கா சாக்கு விரித்துக் கத்தரிக்காயை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிட மூத்தவள், அவள் ஒருத்திதான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். இன்னா பூங்காவனம், மூஞ்சி ஒரு மாதிரி கீது என்றாள். தூக்கம் இல்லை என்றேன். தயாளன் எப்படிக் கீறான் என்றாள். கேட்டுவிட்டாள். செல்வின் கேட்காததை இவள் கேட்டுவிட்டாள். என் வாய் என்ன சொல்லும் என்று நானே காத்துக்கொண்டு நின்றேன். தூங்கறாரு என்றது வாய். தூங்கட்டும், தூங்குனாத்தான் ஒடம்பு தேறும் என்று அவள் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கூடையில் போட்டாள், இத்தப் புழிஞ்சு உப்புப் போட்டுக் குடு, நாக்குக்கு நல்லாருக்கும், இதுக்குக் காசு தராத. நான் கால் கிலோ கத்தரிக்காய்க்குக் காசு கொடுத்தேன். அவள் அதை வாங்கித் தராசுத் தட்டில் ஒருதரம் தட்டி, அல்லா என்று இடுப்பில் செருகினாள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான், அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்து, கொட்டாவி விடுகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டேன். இவர்களை ஏமாற்றுகிறேன். இல்லை, ஏமாற்றவில்லை, இவர்கள் சொல்வது உண்மையாக இருந்தால்தானே ஏமாற்று, கையில் ஒன்றும் இல்லை என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமே. அப்படியானால் ஏன் செல்வின் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது பிடுங்கத் தோன்றியது. நானும் நம்பிவிட்டேன் போலிருக்கிறது. இத்தனை நாள் இத்தனை பேர் சொன்னால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள். இன்றைக்குச் செல்வின் கடைக்கு ஆள் வராவிட்டால், அமீனாக்காவின் கத்தரிக்காய் வாடிப்போனால், சாயங்காலம் விஷயம் தெரிந்து மணிக்கணக்கு எண்ணிப் பார்த்தால், அட, காலையிலேயே போயிருக்கான், இவ அதோட வந்து போணி பண்ணியிருக்கா என்று. சொல்ல மாட்டார்கள். அதுதான் பயம். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கன்னியம்மாவுடைய புருஷன் செத்த அன்றைக்கு இந்தத் தெருவில் எல்லா ஷட்டரும் இறங்கிவிட்டது, செல்வின்தான் ஓடிப்போய்ப் பாடைக்கு மூங்கில் கொண்டுவந்தான், அமீனாக்கா அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தாள், பதினாறாம் நாள் வரை அந்த வீட்டில் அடுப்பு எரிய விடவில்லை. தங்கமான ஜனங்கள். அவளிடம் முகம் கோணி யாரும் இன்று வரை பேசினதில்லை. ஆனால் அவள் மளிகை வாங்கப் போவது மத்தியானத்துக்கு மேல்தான். காய் வாங்குவதும் அப்போதுதான். யாரும் சொல்லி அல்ல. பூக்காரிக்குக் காலையில்தானே வேலை, அதனால்தான் என்று நான்கூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூக்கடை தெருமுனைக்கு முன்னால், ஒரு பலகை, ஒரு குடை. முகூர்த்த நாள் என்று கன்னியம்மா கோயம்பேட்டிலிருந்து மல்லியை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள், ஈரச் சாக்கில் குவியலாகக் கிடந்தது, அவ்வளவு பூவை அவள் கடையில் நான் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் எல்லாம் குப்பைதான். வாக்கா, உனுக்குத்தான் வெய்ட்டிங்கு என்றாள் சிரித்துக்கொண்டே, ஒரு முழம் அளந்து வாழையிலையில் வைத்து நீட்டினாள். அவள் கையால் எனக்கு வைத்துவிட மாட்டாள், நீயே வச்சிக்கக்கா என்று எப்போதும் தள்ளி வைத்துவிடுவாள், அவள் வைக்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். பூவைப் பார்த்தேன். கையை நீட்டினால் முடிந்தது. தலையில் வைத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான், செத்தவர் பக்கத்தில் மல்லிகைப்பூவோடு போய் உட்கார வேண்டியதுதான். கை நீளவில்லை. செல்வினிடம் நீண்டது, அமீனாக்காவிடம் நீண்டது, இங்கே நீளவில்லை. அவ்வளவு பூவையும் பார்த்ததாலா. அல்லது இவள் ஏற்கெனவே ஒருதரம் எல்லாம் கொட்டிக்கவிழ்ந்தவள் என்பதாலா. எனக்கு வேண்டியதும் பூதான். ஒரு மாலை. அவருக்கு நான்தான் வாங்க வேண்டும், முதல் மாலை என்னுடையதாக இருக்க வேண்டும், மற்றவர்கள் வந்து போடுவதற்கு முன்னால். ஆனால் ஒரு எழவு மாலையைப் போணியாக யாராவது வாங்குவார்களா, அதுவும் முகூர்த்த நாளில், அதுவும் நான். அப்போது ஒரு யோசனை வந்தது, விடிந்ததிலிருந்து எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை. வேறு யாராவது முதலில் வாங்கட்டும். யாராவது ஒருத்தர், ஒரு முழம், ஒரு ரூபாய்க்கு உதிரிப்பூ, போணி ஆகிவிட்டால் பிறகு நான் கேட்கலாம், அவளுக்கு ஒரு தோஷமும் இல்லை. இருடி கன்னி, மூச்சு வாங்குது, கொஞ்சம் நிக்கறேன் என்றேன். நில்லுக்கா என்றாள்.

நின்றேன். தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகூர்த்த நாள் காலையில் பூக்கடைக்கு ஒரு ஆள் வராமலா போய்விடும். ஒரு பைக் வந்தது, பின்னால் பெட்டி, நேராக ஃப்ளாட் கேட்டுக்குப் போனது. இன்னொன்று. அதன் பையிலிருந்து ஒரு வாழையிலை நுனி வெளியே தெரிந்தது, பூவும் இப்போது அதில்தான் வருகிறதா. வெயில் ஏறி மல்லிமேல் விழுந்தது, கன்னியம்மா குடையைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். மாடியில் இருக்கிறவர்கள் இறங்கி வந்திருப்பார்களோ, அண்ணே என்று கூப்பிட்டுப் பார்த்திருப்பார்களோ, வேட்டி நுனி ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறார் என்று போயிருப்பார்களோ. தனியாகக் கிடக்கிறார். நான் இங்கே ஒரு ஆளுக்காக நிற்கிறேன். யாராவது வாருங்களேன். எந்த வீட்டிலும் சாமி இல்லையா, ஒரு வெள்ளிக்கிழமை இல்லையா, யார் தலையிலும் முடி இல்லையா. அப்போதுதான் ஒருத்தர் ஸ்கூட்டரில் வந்து காலை ஊன்றினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், விசேஷத்துக்குப் போகிறவர். உதிரி அரைக் கிலோ போடும்மா, சீக்கிரம் என்றார். எனக்கு உயிர் வந்தது. கன்னியம்மா தராசில் கை வைத்தவள் என்னைப் பார்த்தாள், கையை எடுத்துவிட்டாள். ஒரு நிமிஷம் இருண்ணா, போணி ஆவல, எங்க அக்கா நிக்குது பாரு, அது வாங்குனப்புறம் போட்டுத் தரேன், ராசிக் கைண்ணா என்றாள். நான் பதறிப்போய், அவருக்குப் போடுடி முதல்ல, அவசரத்துல இருக்காரு என்றேன். நீ சும்மா இருக்கா, இத்தினி பூவு எடுத்துனு வந்துகீறேன் இன்னைக்கு, உன் கை படாம ஒரு பூவத் தர மாட்டேன் என்றாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவர்களுக்கு என்ன கோளாறு என்கிற மாதிரி. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வேணாம்மா, நான் இதுலயே போட்டுக்கறேன், மண்டபத்துக்கே வந்துரும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அண்ணா, அண்ணா என்று நான்தான் கூப்பிட்டேன். இரண்டு அடி ஓடினேன்கூட. அவர் திரும்பவில்லை. போனா போறாருக்கா, நீ இருக்கசொல்ல அந்த மாதிரி பத்து பேர் வருவான் என்றாள் கன்னியம்மா.

அதன் பிறகு யாரும் வரவில்லை. வரவும் மாட்டார்கள் என்று தெரிந்தது. இந்தத் தெருவில் கடைசியாக மிச்சம் இருக்கிற வாடிக்கை நான் ஒருத்திதான் போலிருக்கிறது, அதைத்தான் இவர்கள் ராசி என்கிறார்கள் போலிருக்கிறது. இன்னாக்கா நின்னுனே கீற, வாங்கு என்று அவள் இலையை மறுபடி நீட்டினாள். நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. "வேணாம் கன்னி" என்றேன். "எனக்கு மாலை வேணும்." எந்தக் கோயிலுக்கு என்று கேட்டுக்கொண்டே அவள் நார் எடுக்கக் குனிந்தாள். நான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். குனிந்தவள் அப்படியே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு என் நெற்றிப் பொட்டை, கூடையை, கூடைக்குள் மஞ்சளை. அவள் கை மடிக்குள் போய்விட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குச் சொல்லாமல் புரியும்.

"எப்போக்கா?"

"விடியறதுக்குள்ள."

"செல்வின் அண்ணனாண்ட வாங்கினியா?"

தலையாட்டினேன்.

"அமீனாக்காவாண்ட?"

அதற்கும் ஆட்டினேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, அது நிஜத் தண்ணீர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கண்ணன், தங்கமான மனுசன், என் புள்ளைங்கள ஸ்கூலுக்குக் காசு வாங்காம இட்டுனு போன மனுசன் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தாத கை ஈரச் சாக்கின் ஓரத்தைப் பிடித்து மல்லிகைமேல் இழுத்தது. மெதுவாக, நான் பார்க்கிறேன் என்று தெரிந்து மெதுவாக, பூ முழுக்க மூடும் வரை. நான் பர்ஸை எடுத்து நோட்டை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. காச உள்ள வைக்கா என்றாள். இல்லடி, அவருக்கு நான்தான் வாங்கணும் என்றேன். காசு வேணாங்கா, தெய்வமே, வேணாம், நானே கட்டி எடுத்துனு வரேன், பன்னீர் ரோஜா போட்டு, எங்கண்ணனுக்கு நல்லா கட்டி எடுத்துனு வரேன் என்றாள். நீட்டின கை நீட்டினபடி இருந்தது. நோட்டு காற்றில் ஆடியது. அவள் இன்னும் தணிந்த குரலில், கூடப் பிறந்தவளிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீ ஊட்டுக்குப் போக்கா. கடை முன்னால நிக்காத."

சரி என்றேன். சரிதான், வேறென்ன சொல்வாள், அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இவ்வளவு பாசமாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு அடி தள்ளி நின்றேன். அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு அடி. நிழல் அவள் பலகைமேல் விழுந்தது, அதற்காக இன்னும் கொஞ்சம். பின்னால் தையல் கடை, கடைக்காரர் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார், ராசிக்கா என்று வாயெடுப்பதற்குள் நகர்ந்தேன். அதற்கு அடுத்தது இஸ்திரி வண்டி, கரியை விசிறிக்கொண்டிருந்தான், இன்னும் போணி ஆகியிருக்காது. அந்தப் பக்கம் போனால் டீக்கடை. எதிர்ச்சாரியில் பால் பூத். வீடு இருப்பது தெருவின் அந்தக் கோடியில், நடுவில் இத்தனை வாசல், எவ்வளவு தள்ளி நின்றாலும் யாரோ ஒருவருடைய கடைக்கு முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கிறது. தெருவின் நடுவில் இறங்கி நடந்தேன். பைக்குகள் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன, இரண்டு பக்கமும் ஒதுங்க எனக்கு இடம் இல்லை.